யூத ஜெப ஆலயத்தில் யாருக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரபி இருந்தால்தான் ஜெப ஆலயம் நடக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ரபியே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்த சபைகள் ஏராளம். அன்றைய வழிபாட்டை ஓட்டும் கப்பாய் இல்லாமல், யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை ஒன்றுகூட ஓடாது. யாருக்கு என்ன பொறுப்பு, எதை யார் செய்யலாம், எங்கே பிசகும் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறோம். இந்திய யூதர்களைப் பற்றிய கேள்விகளும் அடிக்கடி வருவதால் கொச்சி, மும்பை விவரங்களையும் அங்கங்கே சேர்த்திருக்கிறோம்.

ரபி என்பவர் யூதர்களின் பூசாரியா? பாதிரியார் மாதிரியா?

இரண்டும் இல்லை. ரபி மட்டுமே செய்யலாம், மற்றவர் தொடக்கூடாது என்று வழிபாட்டில் ஒரு சடங்குகூடக் கிடையாது. அவர் யூத மதச் சட்டமான ஹலாகாவைக் கற்றுத் தேர்ந்தவர்; கேட்டால் தீர்ப்புச் சொல்பவர்; கற்றுக்கொடுப்பவர். இஸ்லாத்தில் முஃப்தி வகிக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் ஓரளவு சரியாக வரும்.

பலி செலுத்திய ஆசாரியர்கள் யூதர்களிடம் இருந்தார்கள். அவர்களுக்குக் கோஹென் என்று பெயர். கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்ததோடு பலி நின்றது. கோஹென் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் கோஹெனும் ரபியும் வேறு வேறு. முதலாவது தந்தைவழிப் பிறப்பால் வருவது, இரண்டாவது படிப்பால் வருவது. ஒரே ஆள் இரண்டாகவும் இருக்கலாம்.

அப்படியானால் ரபி இல்லாமலே வழிபாடு நடக்குமா?

தாராளமாக. வேண்டியது பத்துப் பேர். பதின்மூன்று வயது நிறைந்த பத்து ஆண்கள் கூடினால் அது மின்யான். மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஆண்களை மட்டும் எண்ணும். மரபுக்கும் மாற்றத்துக்கும் நடுவே நிற்கும் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 1973இல் பெண்களையும் எண்ண அனுமதித்தது. சீர்திருத்தப் பிரிவான ரிஃபார்மில் இந்த வேறுபாடு கிடையாது.

பத்து சேராவிட்டால் வந்தவர்கள் அவரவர் ஜெபத்தைச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இறந்தவர்களுக்காகச் சொல்லும் கத்திஷ், ஜெபத்தின் நடுவே வரும் கெதுஷா, மோசேயின் ஐந்து நூல்களான தோராவைச் சுருளிலிருந்து முறைப்படி வாசிப்பது எல்லாம் நின்றுவிடும். பெற்றோரின் நினைவு நாளில் கத்திஷ் சொல்ல வந்தவர், ஒன்பதோடு நின்றுபோன கூட்டத்தில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது சின்னச் சபைகளில் வாரந்தோறும் காணக்கூடிய காட்சி. ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் வழக்கமில்லை. எபிரேயத்தில் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு சங்கீத வசனத்தைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாகக் கணக்குப் பார்ப்பார்கள். பத்துப் பேரோடு தொடங்கிய பகுதியில் நடுவே சிலர் எழுந்து போய்விட்டால், ஆறு பேராவது மிஞ்சும்வரை அந்தப் பகுதியை முடித்துவிடலாம்.

பத்துப் பேரில் ஜெபம் தெரிந்த ஒருவர் முன்னே நின்று நடத்துவார். அவருக்கு ‘ஷலியாக் த்ஸிபூர்’ என்று பெயர், சபையின் தூதர். அவர் தையற்காரராக இருக்கலாம், கணக்காளராக இருக்கலாம். டெல்லியில் 1956இல் கட்டப்பட்ட ஜூதா ஹயாம் ஜெப ஆலயத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர் ரபிப் பட்டம் பெறாத ஒரு வழக்கறிஞர்.

கொச்சி யூதர்களுக்கு ரபியே இருந்ததில்லையா?

பட்டம் பெற்று, சபையின் சம்பளத்தில் இருக்கும் ரபி என்ற பதவி அங்கே வேரூன்றவில்லை. மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளா என்று மற்ற ஊர்களிலும் ஆலயங்கள் இருந்தன. எல்லாவற்றையும் நடத்தியவர்கள் மூப்பர்களும், ஜெபம் நடத்தும் ஹஸான்களும்தான். சமூகத் தலைவருக்குக் கொச்சி அரசர் கொடுத்த பட்டம் ‘முதலியார்’. உள்விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு இருந்தது. மதச் சட்டத்தில் அவர் சொல்வதே முடிவு என்று இல்லை.

ரபி இல்லாததால் படிப்பு குறைந்துவிடவில்லை. பெண்களும் எபிரேயம் படித்தார்கள். மலையாளத்தில் யூதப் பாடல்களைப் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பாதுகாத்தார்கள். கேரள ஆலயங்களின் கட்டட அமைப்பிலும் ஒரு தனித்தன்மை உண்டு. ஜெபம் நடத்தும் மேடை வழக்கம்போலக் கூடத்தின் நடுவில் இருக்கும். அதுபோக மாடத்தில், பெண்கள் பகுதிக்கு முன்னால், இரண்டாவது மேடை ஒன்று இருக்கும். தோரா வாசிப்புக்கு அதைப் பயன்படுத்தினார்கள்.

1950களில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறினார்கள். மட்டாஞ்சேரியிலிருந்து பின்னர் சிறிது சிறிதாகப் போனார்கள். ரபி இல்லாமல் நானூறு ஆண்டுகள் நடந்த ஆலயம், பத்துப் பேர் இல்லாமல் நின்றது. பிற்காலத்தில் வெளிநாட்டு யூதப் பயணிகள் வந்தால்தான் மின்யான் சேரும் என்ற நிலை.

சட்டச் சிக்கல் வந்தால் என்ன செய்தார்கள்?

கடிதம் எழுதினார்கள். 16ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு, ரபி டேவிட் இப்னு ஸிம்ராவுக்கு ஒரு கேள்வி போனது. பூர்வீகம் பேசிய சிலர், மற்ற யூதர்களை அடிமை வழி வந்தவர்கள் என்று சொல்லிப் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மறுத்தார்கள். ஐயம் இருந்தால் முறைப்படி நீர் முழுக்குச் செய்யட்டும், அதன்பின் அவர்கள் முழு யூதர்கள், திருமணத் தடை இல்லை என்ற ரீதியில் அவர் தீர்ப்பு எழுதினார். உலகம் முழுக்க ரபிகளின் வேலையில் பெரும்பகுதி இப்படிக் கேள்வி பதிலாகவே நடந்தது. அந்தப் பதில்கள் தொகுதி தொகுதியாக நூலாகியிருக்கின்றன.

தீர்ப்பு வந்தும் கொச்சியில் ஒதுக்கல் தொடர்ந்தது. 20ஆம் நூற்றாண்டிலும் பரதேசி ஆலயத்தில் விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களுக்குச் சம இடம் இல்லை. அந்தக் குடும்பங்களிலிருந்து வந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) சத்தியாகிரக முறையில் போராடித்தான் அதை உடைத்தார். ‘யூத காந்தி’ என்ற பெயர் அவருக்கு அப்படி வந்தது. ரபியின் தீர்ப்புக்குப் பின்னால் போலீஸ் கிடையாது. சபை ஏற்றால்தான் அது செல்லும்.

ரபி ஆவதற்கு என்ன படிக்க வேண்டும்?

பட்டத்துக்கு ‘செமிகா’ என்று பெயர். மோசேயிடமிருந்து கைமேல் கைவைத்து வந்த பழைய தொடர் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறுந்துவிட்டது. இன்று கொடுப்பது, ‘இவர் தீர்ப்புச் சொல்லத் தகுதியானவர்’ என்று மூத்த ரபி ஒருவரோ கல்லூரியோ தரும் சான்று.

ஆர்த்தடாக்ஸ் முறையில் முதல் நிலைத் தேர்வு பெரும்பாலும் சமையலறையைச் சுற்றியே இருக்கும். ஜோசப் காரோ எழுதி 1565இல் வெனிஸில் அச்சான ‘ஷுல்ஹான் அரூக்’ சட்டத் தொகுப்பில் ‘யோரே தேஆ’ என்ற பகுதியே பாடம். இறைச்சியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் வைத்து, மூன்று முறை அலசி ரத்தம் போக்குவது. பாலும் இறைச்சியும் கலந்தால் என்ன செய்வது. மாதவிடாய், துக்கச் சட்டங்கள் ஆகியவை அதில் வரும்.

மாதிரிக்கு ஒரு கேள்வி. கொதிக்கும் இறைச்சிக் குழம்பில் கொஞ்சம் பால் சிந்திவிட்டது, குழம்பைக் கொட்டவா? தேர்வு எழுதுபவர் உடனே பதில் சொல்லக்கூடாது, திருப்பிக் கேட்க வேண்டும். எவ்வளவு பால்? பாத்திரத்தில் எவ்வளவு குழம்பு? கிளறினார்களா? குழம்பு பாலைப்போல் 60 மடங்கு இருந்தால் சாப்பிடலாம். பாலுக்குப் பயன்படுத்திய கரண்டி தவறி உள்ளே போயிருந்தால், அந்தக் கரண்டியைக் கடந்த 24 மணி நேரத்தில் சூடான பாலில் போட்டார்களா என்பதையும் கேட்க வேண்டும். கேள்வி கேட்கத் தெரியாதவர் பதிலை மனப்பாடம் செய்திருந்தும் பயனில்லை. வீட்டில் நடப்பது புத்தகத்தில் இருக்கும் உதாரணம்போல் நடக்காது.

வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி ஆக வேண்டுமென்றால் சொத்து, கடன், சாட்சியம் பற்றிய அடுத்த நிலைத் தேர்வு இருக்கிறது. ரிஃபார்ம் பிரிவின் ஹீப்ரூ யூனியன் கல்லூரி (சின்சினாட்டி, 1875), கன்சர்வேடிவ் பிரிவின் யூத இறையியல் கல்லூரி (நியூயார்க், 1886) போன்ற இடங்களில் பட்டதாரிகளைச் சேர்த்து ஏறக்குறைய ஐந்தாண்டுகள் பயிற்றுவிக்கிறார்கள். அங்கே பழங்கால ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதோடு ஆலோசனை வழங்குவது, மருத்துவமனைப் பணி, சபை நிர்வாகம் எல்லாம் பாடத்தில் உண்டு.

ஹஸான் என்பவர் பாடகரா?

குரல் வேண்டும், ஆனால் குரல் மட்டும் போதாது. ஒவ்வொரு வேளைக்கும் உரிய இசை மரபு ஒன்று உண்டு. அதற்கு ‘நுசாக்’ என்று பெயர். வெள்ளி மாலைக்கு ஒன்று, சனி காலைக்கு வேறொன்று, ஆண்டுத் தொடக்க நாள்களுக்கு மற்றொன்று. பழகிய காதுக்கு இரண்டு வரி கேட்டாலே இன்று என்ன நாள் என்று தெரிந்துவிடும். வெள்ளி மாலை ஜெபத்தைச் சனி காலை மெட்டில் பாடுபவர் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் சபை முகம் சுளிக்கும்.

ஷுல்ஹான் அரூக் கேட்கும் தகுதிகள்: நல்ல பெயர், பணிவு, சபைக்குப் பிடித்தவராக இருத்தல், இனிய குரல், வேதம் படித்துப் பழகிய நாக்கு. எல்லாம் ஒருங்கே கிடைக்காவிட்டால் குரலைவிட அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் முதலிடம் என்கிறது அந்நூல். நடைமுறையில் இது அடிக்கடி தலைகீழாகிவிடும். சபைக் கூட்டங்களில் நடக்கும் சண்டைகளில் பாதி, ஹஸான் இழுத்து இழுத்துப் பாடுகிறார், மதியச் சாப்பாடு ஆறிப்போகிறது என்பதைப் பற்றித்தான்.

பிழைகளும் உண்டு. மழைக்காலத்தில் மழையைக் குறிப்பிடும் வரியை விட்டுவிட்டால் சபை மரபைப் பொறுத்துத் திரும்பப் போக வேண்டியிருக்கும். மாதப் பிறப்பில் அதற்குரிய பத்தியை மறந்தாலும் அப்படியே. நடுவே ஹஸான் தடுமாறி நின்றுவிட்டால் இன்னொருவர் உடனே வந்து நிற்க வேண்டும். சாதாரண நாளில் ஜெபம் நடத்தக் கூப்பிட்டால் முதல் முறை மறுப்பதும், இரண்டாம் முறை தயங்குவதும், மூன்றாம் முறை எழுந்து போவதும் மரியாதை என்று தல்மூத் சொல்கிறது. நடுவில் நின்றுபோன ஜெபத்துக்குக் கூப்பிடும்போது மட்டும் அந்த மரியாதை கூடாது. உடனே எழுந்துவிட வேண்டும்.

பாவமன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூருக்கு முந்தின மாலையில் ‘கோல் நித்ரே’ பாடும்போது ஹஸானின் இருபுறமும் இருவர் தோரா சுருள்களைப் பிடித்து நிற்பார்கள். மூன்று முறை பாட வேண்டும், சூரியன் மறைவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

தோரா வாசிப்பது ஏன் தனி வேலையாக இருக்கிறது?

சுருளைக் கண்ணால் பார்த்தால் புரியும். 3,04,805 எழுத்துகள், தோலில் இறகுப் பேனாவால் எழுதியவை. உயிர்க்குறி இல்லை, நிறுத்தற்குறி இல்லை, வசன எண் இல்லை, ராகக் குறியும் இல்லை. நான்கையும் வாசிப்பவர் மனதில் வைத்திருக்க வேண்டும். உயிர் மாறினால் பொருள் மாறிவிடும். ‘ஹாலாவ்’ என்றால் பால், ‘ஹேலெவ்’ என்றால் கொழுப்பு. சுருளில் இரண்டும் ஒரே எழுத்துகள். ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் வேகவைக்காதே என்ற கட்டளையைத் தவறாக வாசித்தால் சட்டமே வேறாகிவிடும்.

ஆகவே வாசிப்பவர் (‘பஆல் கோரே’) வாரம் முழுக்கத் தயார் செய்வார். ஒருபக்கம் குறிகளோடும் மறுபக்கம் சுருளில் உள்ளபடியும் அச்சிட்ட ‘திக்கூன்’ என்ற பயிற்சிப் புத்தகம் இருக்கிறது. குறியுள்ள பக்கத்தில் படித்து, குறியில்லாத பக்கத்தில் தன்னைச் சோதித்துக்கொள்வார். பெரிய பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வசனங்கள் வரும். வியாழன் இரவு உட்கார்ந்து ஒரே மூச்சில் தயார் செய்தவரைச் சனிக்கிழமை காலையில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேடையில் இருபுறமும் இருவர் நின்று அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பொருள் மாறும் பிழை என்றால் சத்தமாகத் திருத்துவார்கள், வாசிப்பவர் அந்தச் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். ராகம் மட்டும் பிசகினால் விட்டுவிடுவது நல்லது. கூட்டத்திலிருந்து ஐந்து பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் வாசிப்பவர் முற்றிலும் குழம்பிப்போவார். அதனால் பல சபைகள் திருத்தும் உரிமையை அந்த இருவருக்கு மட்டும் கொடுத்திருக்கின்றன.

சுருளிலேயே குறை தெரிந்தால்? எழுத்து விட்டுப்போயிருந்தாலோ, இரண்டு எழுத்துகள் ஒட்டி உருமாறியிருந்தாலோ வாசிப்பை நிறுத்தி வேறு சுருளை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். குறையுள்ளதன் உறைக்கு வெளியே ஒரு பட்டையைக் கட்டி வைப்பது வழக்கம். மறந்து யாரும் எடுத்துவிடக் கூடாதல்லவா. எழுத்தின் உருவம் ஐயமாக இருந்தால் ஒரு சிறுவனை அழைத்து, அது என்ன எழுத்து என்று கேட்பார்கள். எழுத்து தெரிந்த பிள்ளையாக இருக்க வேண்டும். வாக்கியத்தைப் புரிந்துகொண்டு ஊகிக்கும் அளவுக்குக் கெட்டிக்காரனாக இருக்கக் கூடாது.

அஷ்கெனாஸி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு) சபைகளில் வாசிப்பு முடிந்ததும் சுருளை விரித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார்கள். நல்ல கனம் இருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் சுருளின் எடை முழுவதும் இடதுகைப் பக்கம் இருக்கும், முடிவில் வலப்பக்கம். ஆண்டுத் தொடக்கத்தில் இடது கை பலமில்லாதவரைத் தூக்கச் சொல்வது வம்பை விலைக்கு வாங்குவது. சுருள் கீழே விழுந்தால் அங்கிருந்தவர்கள் நோன்பிருக்கும் வழக்கம் உண்டு.

கப்பாய் யார்?

அன்றைய வழிபாட்டை ஓட்டுபவர். சம்பளம் கிடையாது, நன்றியும் அபூர்வம். சனி காலை வாசிப்புக்கு ஏழு பேரையும் கடைசியில் ஒருவரையும் மேடைக்கு அழைக்க வேண்டும். திங்கள், வியாழனில் மூவர், மாதப் பிறப்பில் நால்வர், பண்டிகையில் ஐவர், யோம் கிப்பூரில் அறுவர். முதல் அழைப்பு கோஹெனுக்கு, இரண்டாவது லேவி குலத்தில் பிறந்த லேவியருக்கு, மூன்றாவதிலிருந்து மற்றவர்களுக்கு. லேவியர் வரவில்லையென்றால் அதே கோஹென் மறுபடி ஆசி சொல்வார். அண்ணன் தம்பியையோ தகப்பன் மகனையோ அடுத்தடுத்து அழைக்க மாட்டார்கள். கண்பட்டுவிடும் என்ற பயம்.

இதற்குமேல் முன்னுரிமைப் பட்டியல் வேறு: மணமகன், பதின்மூன்று வயதாகும் பையன், குழந்தை பிறந்த தகப்பன், பெற்றோரின் நினைவு நாள் வந்தவர். ஒரே சனிக்கிழமையில் எல்லோரும் வந்துவிட்டால் யாருக்காவது மனக்கசப்பு நிச்சயம். அனுபவமுள்ள கப்பாய் வியாழக்கிழமையே பட்டியலை எழுதி, அவரவர் எபிரேயப் பெயரையும் தகப்பனார் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்வார். எழுதுவது சனிக்கிழமை தடை என்பதால் அன்று காலை எதையும் குறித்துக்கொள்ள முடியாது. பல இடங்களில் முன்கூட்டி எழுதிய அட்டைகளை அடுக்கி வைப்பார்கள்.

கதவு திறப்பது, விளக்கு, புத்தகங்கள், சுருள்களைச் சரியான இடத்துக்கு முன்கூட்டியே சுற்றி வைப்பது ஆகியவை ஆலயப் பணியாளரான ஷமாஷின் வேலை. சுற்றி வைக்க மறந்தால் சபை முழுவதும் காத்திருக்க, மேடையில் நாலு பேர் சுருளோடு மல்லுக்கட்டுவார்கள்.

கோஹெனுக்கு இன்று என்ன வேலை?

ஆசீர்வாதம். லேவியர்கள் கையில் தண்ணீர் ஊற்ற, காலணியைக் கழற்றிவிட்டு, சால்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, விரல்களைப் பிரித்துக் கைநீட்டிச் சபையை வாழ்த்துவார்கள். இஸ்ரேலின் பெரும்பாலான இடங்களில் தினமும் நடக்கும். வெளிநாட்டு அஷ்கெனாஸி சபைகளில் பண்டிகைகளில் மட்டும்.

கட்டுப்பாடுகளும் உண்டு. விவாகரத்தானவரை மணக்கக் கூடாது; நெருங்கிய உறவினர் சாவைத் தவிர மயானத்துக்குள் போகக் கூடாது. ரபியே கோஹெனாக இருந்தால் இது பெரிய இடைஞ்சல். மயானத்தில் பாதையோரமாக நின்றபடி அடக்கத்தை நடத்தும் ரபிகள் உண்டு.

திருமணத்துக்கு ரபி கட்டாயமா?

திருமணம் செல்லுபடியாக வேண்டியவை மணமகன், மணமகள், மோதிரம், தகுதியுள்ள இரண்டு சாட்சிகள். ஏழு ஆசிகளைச் சொல்லப் பத்துப் பேர் வேண்டும். ரபி அங்கே மேற்பார்வையாளர்: ‘கெத்தூபா’ என்னும் திருமணப் பத்திரத்தில் பெயரும் தேதியும் சரியா, மோதிரம் மணமகனின் சொந்தப் பொருளா, சாட்சிகள் யார் என்று பார்ப்பார். அதிகம் பிசகும் இடம் சாட்சிகள்தான். பாசத்தில் மாமாவையோ மச்சானையோ நிறுத்திவிடுவார்கள். உறவினர் சாட்சி செல்லாது. சிவில் பதிவு இருக்கும் நாடுகளில் அதைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும்.

விவாகரத்து?

இங்கேதான் ரபி இல்லாமல் முடியாது. ‘கெட்’ என்ற விவாகரத்துப் பத்திரத்தைச் சோஃபேர் எனப்படும் எழுத்தர் கையால் எழுத வேண்டும், பன்னிரண்டு வரி, அந்தத் தம்பதிக்காகவே எழுதியதாக இருக்க வேண்டும், அச்சடித்த படிவம் செல்லாது. எழுத்தர் தன் தாளையும் மையையும் பேனாவையும் முதலில் கணவனுக்குக் கொடையாகக் கொடுத்துவிடுவார். கணவன் அவற்றைத் திருப்பிக் கொடுத்து, ‘என் மனைவிக்காக எழுது’ என்று சொல்வான். ஊரின் பெயரோடு அதன் ஆறும் நீர்நிலையும் பத்திரத்தில் வரும். இருவரின் பெயர், தகப்பனார் பெயர், வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் உட்பட எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். ஓர் எழுத்து தவறினால் முதலிலிருந்து எழுதுவார்கள். ஆகவே ரபிகள் அதிக நேரம் செலவழிப்பது பெயர் விசாரணையில்தான்.

சாட்சிகள் கையெழுத்திட்ட பின், மனைவி குவித்து நீட்டிய கைகளில் கணவன் அதைப் போடுவான். அவள் மூடிப் பிடித்து, கக்கத்தில் வைத்துச் சில அடி நடப்பாள். பிறகு ரபிகளின் நீதிமன்றமான ‘பேத் தின்’ அதை வாங்கிக் கிழித்து வைத்துக்கொண்டு, இருவருக்கும் சான்றிதழ் தரும். அவள் மறுமணம் செய்ய 92 நாள் காத்திருக்க வேண்டும்.

கணவன் கொடுக்க மறுத்தால் அவள் ‘அகுனா’, கட்டுண்டவள். சிவில் நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றாலும் மதச் சட்டப்படி அவள் மணமானவளே; வேறொருவரோடு பிறக்கும் பிள்ளைகளின் திருமண உரிமைவரை அது பாதிக்கும். இன்று பல ரபிகள் திருமணத்துக்கு முன்பே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள்: பிரிந்த பின் கெட் தராமல் இழுத்தடித்தால் நாளுக்கு இவ்வளவு என்று கணவன் பணம் கட்ட வேண்டும். ரபிகள் சமூகம் முன்னமே செய்திருக்க வேண்டிய வேலை இது.

இந்திய யூதர்களை இது எப்படிப் பாதித்தது?

மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் சமூகத்துக்கும் பட்டம் பெற்ற ரபிகள் இல்லை. அவர்களுக்கு எபிரேயமும் ஜெபமுறையும் கற்பித்தவர்களில் கொச்சியிலிருந்து போனவர்கள் உண்டு. மும்பையில் அவர்களின் முதல் ஜெப ஆலயம் 1796இல் வந்தது. ஹஸானே பல இடங்களில் கோழி, ஆடு அறுப்பவராகவும் இருந்தார்.

வழிபாடு குறைவின்றி நடந்தது. ஆனால் இஸ்ரேலுக்குக் குடியேறியபின் சிக்கல் வந்தது. ரபிகள் இல்லாத ஊரில் விவாகரத்துகள் ஹலாகாப்படி நடந்தனவா என்று கேட்டு, 1962இல் இஸ்ரேலின் தலைமை ரபிகள் அமைப்பு, இவர்கள் பிற யூதரை மணக்க வரும்போது பூர்வீகத்தை விசாரிக்கும்படி திருமணப் பதிவாளர்களுக்கு உத்தரவிட்டது. மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1964இல் அந்தப் பாகுபாடு விலக்கப்பட்டு, எல்லா வகையிலும் முழு யூதர்கள் என்று ஏற்கப்பட்டார்கள்.

ரபிக்குச் சம்பளம் உண்டா? யார் நியமிப்பது?

தோராவைக் கற்பிக்கக் கூலி வாங்கக் கூடாது என்பது பழைய நெறி. 12ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் மைமோனிடஸ் இதில் மிகக் கண்டிப்பு. இந்தியப் பெருங்கடலில் வணிகம் செய்த தம்பி டேவிட் கப்பலோடு மூழ்கும்வரை அவர் சம்பாத்தியத்தில் குடும்பம் நடந்தது. பின்னர் மைமோனிடஸ் மருத்துவம் பார்த்துப் பிழைத்தார். பிற்காலத்தில், வேறு தொழில் செய்ய முடியாமல் போகும் நேரத்துக்கு ஈடு என்ற பெயரில் சம்பளம் ஏற்கப்பட்டது. ஓய்வு நாள் வேலைக்குத் தனிக்கூலியும் கூடாது. அதனால் ஹஸானுக்கும் வாசிப்பவருக்கும் பயிற்சி நேரத்தையும் சேர்த்து மொத்தமாகத்தான் பேசுவார்கள்.

ஆயர் அனுப்பிப் பங்குத்தந்தை வருவதுபோல் ரபி வருவதில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு சபையும் தானே தேடி, ஒரு வார இறுதியில் வரவழைத்துப் பேச வைத்துப் பார்த்து, ஒப்பந்தம் போடும். பிரிட்டனிலும் இஸ்ரேலிலும் தலைமை ரபிகள் உண்டு. இஸ்ரேலில் அஷ்கெனாஸி ஒருவர், செபாரதி (ஸ்பெயின் வழி மரபு) ஒருவர். வாரந்தோறும் பிரசங்கம் என்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வழக்கம். அதற்கு முன் கிழக்கு ஐரோப்பிய ரபிகள் ஆண்டுக்கு இரண்டு பெரிய உரைகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பெண்கள் ரபி ஆகலாமா?

பிரிவைப் பொறுத்தது. ஜெர்மனியில் ரெகினா யோனாஸ் 1935இல் பட்டம் பெற்றார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் ரிஃபார்ம் பிரிவில் சாலி பிரீசண்ட் 1972இலும், கன்சர்வேடிவ் பிரிவில் ஏமி ஐல்பெர்க் 1985இலும் ரபி ஆனார்கள். ஆர்த்தடாக்ஸ் அமைப்புகளில் பெரும்பாலானவை இன்றும் ஏற்பதில்லை. 2009இல் நியூயார்க்கில் தொடங்கிய யெஷிவத் மஹரத் ஆர்த்தடாக்ஸ் பெண்களுக்குப் பட்டம் தருகிறது. அதைச் சுற்றி விவாதம் ஓயவில்லை.

யாராவது இறந்துவிட்டால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்?

பெரும்பாலும் ரபிக்குத்தான் போன் போகும், ஆனால் வேலையைச் செய்வது ‘ஹெவ்ரா கதீஷா’ என்ற தன்னார்வக் குழு. ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி உடுத்துவார்கள். பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரித் துணி, பையே கிடையாது. கூடிய சீக்கிரம் அடக்கம். பிறகு ஏழு நாள் வீட்டில் துக்கம். மின்யானை அந்த வீட்டுக்கே கொண்டுபோவது சபையின் கடமை. பெற்றோருக்குப் பிள்ளைகள் பதினொரு மாதம் கத்திஷ் சொல்வார்கள்.

யூதராக மாற விரும்பினால் ரபி ஒருவரே மாற்றிவிடலாமா?

முடியாது, மூவர் கொண்ட பேத் தின் வேண்டும். ஆணுக்கு விருத்தசேதனம், பின் இருபாலருக்கும் ‘மிக்வே’ என்ற நீர்த்தொட்டியில் முழுக்கு. தொட்டியில் இயற்கையாகச் சேர்ந்த நீர் 40 செயா இருக்க வேண்டும். இன்றைய அளவில் ஏறக்குறைய 750 லிட்டர் என்று பலர் கொள்வார்கள். படிப்பு ஓராண்டோ கூடுதலோ ஆகும். முதலில் ரபி ஆர்வத்தைத் தணிக்கப் பார்ப்பார், அது மரபு, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு பிரிவு செய்த மாற்றத்தை இன்னொரு பிரிவு ஏற்காமல் போகலாம் என்பதால், எங்கே வாழப்போகிறோம், எந்தச் சபையில் சேரப்போகிறோம் என்பதைத் தொடங்கும் முன்பே யோசிப்பது நல்லது.

பார்வையாளராகப் போகலாமா? ரபியை எப்படி அழைப்பது?

போகலாம், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. 2008 மும்பைத் தாக்குதலில் யூத மையமான நரிமன் ஹவுஸ் குறிவைக்கப்பட்ட பின் இந்திய ஆலயங்களில் பாதுகாப்புக் கடுமை; அடையாள அட்டை எடுத்துப் போங்கள். மட்டாஞ்சேரி ஆலயம் சனிக்கிழமை பார்வையாளருக்குத் திறப்பதில்லை. அங்கே காலணியையும் கழற்ற வேண்டும். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும், வாசலில் குல்லாய் இருக்கும். ஓய்வு நாளில் போன், கேமரா, குறிப்பெடுப்பது, பணம் கொடுப்பது எதுவும் வேண்டாம். காணிக்கை தர விரும்பினால் வேறு நாளில் கொடுங்கள்.

‘ரபி’ என்று மட்டும் அழைத்தால் போதும். ஆர்த்தடாக்ஸ் சபையில் எதிர்ப்பாலினத்தாரிடம் நீங்களாகக் கை நீட்ட வேண்டாம், வணக்கம் சொன்னால் எல்லோருக்கும் வசதி. சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் வழிபாடு முடிந்து திராட்சரசமும் தின்பண்டமும் பரிமாறும் நேரத்தில் கேளுங்கள். ஜெபத்தின் நடுவே சில இடங்களில் பேசவே கூடாது என்பதால் அப்போது பதில் வராது.